துக்க வீட்டுத் தக்காளி

என் அண்ணி இன்ஸாஃப் ஒரு சாவு வீட்டில் திருடியவள். நான் சொல்லித்தான் இது ஊருக்குத் தெரிய வேண்டும் என்றில்லை. இருபது வருடமாக எங்கள் ஊரே அந்தத் திருட்டைத்தான் உப்புப் போட்டு, ஆலிவ் எண்ணெய் ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

அப்போது அவளுக்குக் கல்யாணமாகி மூன்று வருடம். எங்கள் ஊருக்கு மேலே, குன்றின் உச்சியில் ராஸ் லோஸ் என்று ஒரு கிராமம். அங்கே அபூ ரஜா என்ற பெரியவர் இறந்து மூன்றாம் நாள். நாங்கள் ஒரு வேன் நிறையப் பெண்கள் போயிருந்தோம். ஓதி முடித்து, கசப்புக் காப்பியும் குடித்து முடித்த பிறகு சோறும் கறியும் வந்தன. நடுவில் ஒரு தட்டில் தக்காளித் துண்டுகள். ரோஜா நிறத்தில், ஒவ்வொரு துண்டும் என் உள்ளங்கை அகலம். அதை வளர்த்தவர்தான் அன்றைக்கு மண்ணுக்குள் இருந்தார்.

இன்ஸாஃப் ஒரு துண்டை வாயில் போட்டாள். மெல்லுவதை நிறுத்தினாள். என் தொடையில் கிள்ளினாள்.

"நாயிஃபா, இந்த மனுஷன் உயிரோட இருக்கும்போதே நான் வந்து பாத்திருக்கணும்டி!"

"சும்மா இரு அண்ணி. எல்லாரும் பாக்கறாங்க."

பார்த்தால் பார்க்கட்டும் என்று, அழுவதற்காகக் கொண்டுவந்த வெள்ளைக் கைக்குட்டையை வாயருகே கொண்டுபோனாள். குனிந்தாள். தோள் குலுங்கியது. விதைகளை ஒவ்வொன்றாகத் துப்பிக்கொண்டிருந்தாள். துப்பத் துப்ப அவளுக்குச் சிரிப்பு வேறு வந்துவிட்டது. அதனால்தான் தோள் அப்படிக் குலுங்கியது. எதிரே உட்கார்ந்திருந்த கிழவி ஒருத்தி உருகிப்போய், "பாவம், இந்தப் பொண்ணு அபூ ரஜாவுக்கு என்ன உறவு?" என்று என்னைக் கேட்டாள். தூரத்து உறவு என்றேன். வேறு என்ன சொல்வது? அதற்குள் ஒரு கை வந்து எங்கள் முன்னால் இன்னொரு தட்டுத் தக்காளியை வைத்துவிட்டுப் போயிற்று. இன்ஸாஃப் அதையும் அழுது தீர்த்தாள்.

வேனில் திரும்பும்போது கைக்குட்டையை மடியில் விரித்து எண்ணினாள். நூற்றுப் பதினொன்று.

அடுத்த கோடையில் அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே இருக்கும் துண்டு நிலத்தில் அந்தத் தக்காளி வந்தது. தண்ணீர் கேட்காது. ஒரு பழத்தை வெட்டினால் நாலு பேருக்குப் போதும். ஊரார் அதற்குத் துக்க வீட்டுத் தக்காளி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கல்யாண விருந்தில்கூட, "துக்க வீட்டுத் தக்காளி இன்னும் கொஞ்சம் வைங்க" என்று கேட்பார்கள். வெளியூர் மாப்பிள்ளை வீட்டார் திருதிருவென்று முழிப்பார்கள்.

விதை எடுப்பதற்கு அவளிடம் ஒரு முறை இருந்தது. நல்ல பழமாகப் பார்த்துப் பிழிந்து, ரொட்டி சுற்றி வரும் பழுப்புக் காகிதத்தில் சாறும் சதையுமாக விரலால் தடவிவிடுவாள். அது காய்ந்து ஒட்டிக்கொள்ளும். காகிதத்தைச் சமையலறைச் சுவரில் ஆணியில் மாட்டிவிடுவாள். மார்ச் மாதம் வந்தால் ஊர்ப் பெண்கள் வந்து நிற்பார்கள்.

"எனக்கு ரெண்டு விரல் காகிதம் குடு, இன்ஸாஃப்."

"போன வருஷம் ஒரு விரல்தானே கேட்ட?"

"மருமக வந்திருக்காளே."

"அப்ப மூணு விரலா எடுத்துக்கோ. புது மருமக நல்லாச் சாப்பிடுவா."

விரல் அளவுக்குக் கிழித்துக் கொடுப்பாள். காகிதத்தோடு அப்படியே மண்ணில் புதைக்க வேண்டியதுதான். வாங்கியவர்கள் கோடையில் முதல் பழத்தை ஒரு தட்டில் வைத்து அவளிடம் கொண்டுவர வேண்டும். அது மட்டும்தான் முறை. மார்ச் கடைசியில் சுவரில் ஆணி மட்டும் மிஞ்சும். கொஞ்சம் பத்திரமாக எடுத்து வையேன் என்று நான் சொன்னால், "ஊர்ல முப்பது வீட்ல இருக்கு. எனக்கு எதுக்குடி?" என்பாள். அப்படித் தாராளமாக இருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வரும். எனக்கு அது வராது, அதனால்.

இனி என் பங்கு. நாங்கள் புகையிலைக்காரர்கள். எங்கள் பக்கத்தில் யார்தான் இல்லை? வைகாசி தொடங்கி ஆவணி வரை, வெயில் ஏறும் முன் இலை பறித்துவந்து, முற்றத்தில் வட்டமாக உட்கார்ந்து, நீள ஊசியில் ஒவ்வொரு இலையாகக் கோத்து நூலில் தள்ளுவோம். மத்தியானத்துக்குள் கையெல்லாம் கறுப்புப் பிசின். விரலோடு விரல் ஒட்டும். அந்தக் கையால் ரொட்டியைப் பிய்த்தால் ரொட்டி கசக்கும். சோப்புக்கு அது அசையாது. ஆனால் பச்சைத் தக்காளிக் காய் ஒன்றைப் பிட்டு உள்ளங்கையில் தேய்த்தால் கறுப்பெல்லாம் கரைந்து ஓடிவிடும். இதைக் கண்டுபிடித்தவள் நான். ஆமாம், நான்தான். பல வருடம் அந்தப் பெருமையைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

வேலை முடிந்ததும் நானும், பக்கத்து வீட்டு உம்மு கஸ்ஸானும், மற்றப் பெண்களும் நேரே அண்ணியின் தக்காளிப் பாத்திக்குத்தான் போவோம். அவள் ஒரு சட்டம் மட்டும் போட்டிருந்தாள்.

"காய், வெடிச்சது, புழு விழுந்தது, இதுல கை வைங்க. பழுத்ததுல கை வச்சா விரலை ஒடிச்சிருவேன்."

கையைக் கழுவிய பிறகு சும்மா வர மாட்டோம். சாய்ந்த செடியைக் கட்டிவிடுவோம், பக்கக் கொழுந்தைக் கிள்ளிவிடுவோம். உதவி செய்கிறோமாம்! பாத்தியின் கடைசியில், அத்திமரத்தடியில் மட்டும் யாரும் போக மாட்டோம். அங்கே என் அண்ணன் நஜீப் வளர்க்கும் பாஷா என்ற நாய் கட்டியிருக்கும். பாஷா இன்ஸாஃபைத் தவிர எல்லோரையும் கடிப்பான். சோறு போடும் அண்ணனையே இரண்டு தடவை கடித்திருக்கிறான்.

போன வருடத்துக்கு முந்தைய வருடம், மார்ச் கடைசியில் ஒரு நாள் இன்ஸாஃபுக்குப் போன் வந்தது. அபிஜானிலிருந்து. பேசியவள் மைஸா, அபூ ரஜாவின் மகள். அவர் இறந்த கொஞ்ச நாளில் குடும்பமே ஆப்பிரிக்காவுக்குப் போய்விட்டது. ராஸ் லோஸ் வீடு பூட்டிக் கிடந்தது. இப்போது மைஸா புருஷனோடு திரும்பி வருகிறாளாம். செப்டம்பரில் வந்து வீட்டைச் சரிசெய்து, வசந்தத்தில் அப்பாவின் படிக்கட்டு நிலத்தில் அப்பாவின் தக்காளியைப் போட வேண்டுமாம். அது கீழ் ஊரில் ஒருத்தியிடம் இருப்பதாக யாரோ சொன்னார்களாம்.

இன்ஸாஃபின் முகம் சிவந்துவிட்டது. எப்படி வந்தது என்று கேட்டுவிடுவாளோ என்று பயம். அந்தப் பயத்தில் போனில் ஊருக்கே கேட்கும்படி கத்தினாள். "வாம்மா வா! உங்க அப்பாவோட விதை, உனக்கு இல்லாமயா? சத்தியமா தர்றேன். காகிதம் பூரா உனக்குத்தான்!"

அன்றைக்குக் காலையில்தான் கடைசி மூன்று விரல் காகிதத்தையும் கொடுத்து முடித்திருந்தாள். ஆனால் கவலை என்ன, கோடையில் பழம் வரும்; புது விதை எடுத்தால் ஆயிற்று.

ஜூன் மாதம் பழம் வரவில்லை. இலையில்தான் ஏதோ வந்தது. பச்சையில் வெளிர்பச்சைத் திட்டுத்திட்டாக. நுனிக் கொழுந்துகள் ஒடுங்கி, முறுக்கி, சீப்புப் பல்லைப் போல ஆயின. காய்த்த காயை வெட்டினால் உள்ளே பழுப்புக் கோடு. அவள் பாத்தியில் மட்டும் இல்லை. ஊரில் அவளிடம் விதை வாங்கிய முப்பது வீட்டிலும் இதே கதை. முதல் பழத்தட்டு ஒன்றுகூட அவள் வீட்டுக்கு வரவில்லை. மாறாகச் சில பெண்கள் காய்ந்த செடியை வேரோடு பிடுங்கிக் கொண்டுவந்து வாசலில் காட்டினார்கள்.

"என்ன விதை குடுத்த இன்ஸாஃப்?" என்றாள் ஒருத்தி.

 இன்ஸாஃப் அந்தச் செடியை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். 

இதைப் பார்த்துக்கொண்டு நான் சும்மா இருப்பேனா? இது கண்ணேறு என்று முடிவு செய்தேன். கண் யாருடையது? உம்மு கஸ்ஸானுடையது. மே மாதம் பாத்தி ஓரம் நின்று, "அடேயப்பா, என்னமா வளந்திருக்கு!" என்று அவள் சொன்னதை என் காதால் கேட்டேன். கண் படாமலிருக்க மாஷா அல்லாஹ் சொன்னாளா? சொல்லவில்லை. நான் நீல மணி ஒரு சரம் வாங்கிவந்து கம்பங்களில் கட்டினேன். பழைய செருப்பு ஒன்றைத் தொங்கவிட்டேன். கோக்கும் வட்டத்தில் உம்மு கஸ்ஸானுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன்.

"என்னடி, என் மேல ஏதாவது கோவமா?" என்றாள்.

"கண்ணு இருக்கறவங்களுக்குத் தெரியும்" என்றேன்.

அவள் அழுதுகொண்டே ஊசியை எறிந்துவிட்டு எழுந்து போனாள். நான் நியாயம் செய்துவிட்ட திருப்தியில் இரண்டு நூல் கூடுதலாகக் கோத்தேன்.

நஜீப் அண்ணன் வேறு பக்கம் யோசித்தார். தண்ணீர் குறைவு என்று தண்ணீர் விட்டார். பிறகு தண்ணீர் அதிகம் என்று நிறுத்தினார். கடைசியில், "ஸூர் சந்தையில போய் நல்ல நாத்தா வாங்கிட்டு வந்துடலாமே. மைஸாவுக்கு என்ன தெரியும்? தக்காளி தக்காளிதானே" என்றார்.

இன்ஸாஃப் கையிலிருந்த கரண்டியை அடுப்பின் மேல் வைத்தாள். மகன் ஹாதியின் பெயரால்தான் அண்ணனை அவள் கூப்பிடுவாள். "அபூ ஹாதி, ஒரு தடவை நான் திருடினேன். அந்த வீட்டுப் பொண்ணையே ஏமாத்தவும் சொல்றீங்களா?"

அண்ணன் நாயைப் பார்க்கப் போய்விட்டார். நாயே மேல் என்று நினைத்திருப்பார்.

அடுத்த வாரம் அவளே கூட்டுறவுச் சங்கத்துக்குப் போய், விவசாய இன்ஜினியரைக் கையோடு அழைத்துவந்தாள். லமீஸ் என்று பெயர், முப்பது வயதுகூட இருக்காது, குரல் மட்டும் காவல்துறைக் குரல். பாத்திக்குள் நுழையும் முன் பையிலிருந்து கையுறை எடுத்துப் போட்டுக்கொண்டாள். கொழுந்தைப் பார்த்தாள், காயை வெட்டிப் பார்த்தாள். நீல மணியையும் செருப்பையும் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து எங்கள் எல்லோரையும் பார்த்து, "கையைக் காட்டுங்க" என்றாள்.

கோத்து முடித்து வந்த நேரம். என்னைத் தவிர ஆறு பெண்கள், பன்னிரண்டு கறுப்புக் கைகள். நான் மட்டும் என் கையை மேலங்கிக்குள் மறைத்துக்கொண்டேன். ஏன் மறைத்தேன் என்று தெரியாது. என் கைக்கு என்னைவிட முன்பே தெரிந்துவிட்டது போலிருக்கிறது.

"இது புகையிலையோட நோய்" என்றாள் லமீஸ். "கண்ணுக்குத் தெரியாத கிருமி. கையில ஒட்டிக்கிட்டு வரும். தொட்ட செடிக்கெல்லாம் போகும். போன வருஷம் உங்க புகையிலைல இலை திட்டுத் திட்டா இருந்துச்சா?"

இருந்தது. ஓரத்து நாலு வரிசையில். வெயில் என்று நினைத்தோம்.

"கோத்து முடிச்சு, கையைக் கழுவாம இங்க வருவீங்களா?"

 உம்மு கஸ்ஸான்தான், வாய்ப்பு கிடைத்த சந்தோஷத்தை முகத்தில் மறைக்காமல், "இங்க வந்துதான் கழுவுவோம் மகளே" என்றாள். "தக்காளியை வச்சு. எங்க நாயிஃபாவோட கண்டுபிடிப்பு அது."

லமீஸ் சிரித்துவிட்டாள். சிரித்துச் சிரித்து, கையுறைக் கையால் கண்ணைத் துடைக்கப் போய், பதறிக் கையை எடுத்தாள். "அல்லாஹ்வே! நான் நாலு வருஷம் படிச்சேன். நோயை இவ்வளவு அழகாப் பரப்பறதுக்கு ஒரு வழி எந்த வகுப்புலயும் சொல்லித் தரல."

எல்லோரும் சிரித்தார்கள். இன்ஸாஃப் சிரிக்கவில்லை. அவள் என்னைத் திட்டியிருந்தால் நான் இரண்டாகத் திருப்பிக் கொடுத்திருப்பேன். அவள் பாத்தியின் கடைசிக்குப் போய் அத்திமரத்தடியில் நின்றாள். அங்கே பாஷாவின் சங்கிலி எட்டும் தூரத்தில் மூன்று செடிகள். அவற்றிலும் நோய் இருந்தது. ஆனால் தாமதமாக வந்திருந்தது. அவை மட்டும் நல்ல பழமாக நாலைந்து தாங்கி நின்றன.

"இங்க நீங்க யாரும் வந்ததில்ல" என்றாள் மெதுவாக. "பாஷா என்னைக் கடிக்க மாட்டான். அப்ப இதுக்கு நோயக் கொண்டுவந்தது நான்தான்."

அந்த ஒரு வார்த்தையில் பழியில் பாதியைத் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாள். எனக்கு அது அடியைவிட மோசமாக வலித்தது.

எல்லாவற்றையும் பிடுங்கி எரித்துவிடுங்கள், புது விதை தருகிறேன் என்றாள் லமீஸ். இன்ஸாஃப் அவளை உட்காரவைத்து, காப்பி கொடுத்து, துக்க வீட்டுக் கதையைக் கைக்குட்டை முதல் போன் வரை சொன்னாள். லமீஸ் காப்பியைக் குடித்து முடித்துக் கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள்.

"அத்தை, இந்தக் கிருமி பெரும்பாலும் விதையோட மேல்தோல்லதான் இருக்கும். நீங்க சாறோட காகிதத்துல தடவறீங்களே, அது கிருமிக்கு மெத்தை போட்டுக் குடுத்த மாதிரி. சதை துளிகூட ஒட்டாம விதையை எடுக்கணும். நான் சொல்ற மாதிரி செய்ங்க. ஆனா உத்தரவாதம் தர மாட்டேன். நாத்து வந்து இலை விட்டாத்தான் தெரியும்."

"எத்தனை இலை?"

"மூணு நாலு இலை வரணும்."

மூன்று செடிகளை மட்டும் விட்டு மற்றதெல்லாம் எரிந்தது. முப்பது வீட்டிலும் எரித்தார்கள். நீல மணியை நானே அவிழ்த்தேன். செருப்பை உம்மு கஸ்ஸான் அவிழ்த்து என் கையில் கொடுத்தாள், "இது உன்னுதுதானே, போட்டுக்கோ" என்று. மன்னிப்புக் கேட்டேன். அவள் மன்னித்துவிட்டாள், ஆனால் இன்றுவரை எந்தக் கூட்டத்திலும் என்னைப் பார்த்து, "கண்ணு இருக்கறவங்களுக்குத் தெரியும்" என்று சொல்லாமல் இருப்பதில்லை.

அந்த மூன்று செடியின் பழங்களைப் பிழிந்து, ஒரு ஜாடியில் ஊறல் போட்டாள் இன்ஸாஃப். மூன்று நாளில் மேலே வெள்ளை ஏடு படிந்தது. அந்த நாற்றத்தை நான் எப்படிச் சொல்வேன்? நஜீப் அண்ணன் தலையணையை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டார். நாலாம் நாள் ஏட்டை நீக்கி, அலசி அலசி, சதையே இல்லாமல் விதையை எடுத்தாள். அடுத்தது லமீஸ் சொன்ன வெள்ளைத் தூள். பெயிண்ட் அடிப்பதற்கு முன் சுவரில் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவுவார்களே, அது. பெயிண்டர் மஹ்ரூஸிடம் போய்க் கேட்டாள்.

"எந்தச் சுவருக்கு, உம்மு ஹாதி?"

"சுவருக்கு இல்ல. விதைக்கு."

மஹ்ரூஸ் அன்று சாயங்காலமே ஊரெல்லாம் சொல்லிவிட்டான்: உம்மு ஹாதி தக்காளிக்கு வெள்ளையடிக்கிறாள்! ஆனால் தூளைக் கொடுத்தான். தூள் கரைத்த தண்ணீரில் பதினைந்து நிமிஷம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மறுபடி அலசி, ஒரு வெள்ளைத் துணியில் பரப்பிக் காயவைத்தாள். நான் எட்டிப் பார்க்கப் போனேன்.

"அங்கயே நில்லு" என்றாள்.

"கையைக் கழுவிட்டுத்தான் வந்தேன் அண்ணி. சோப்பு போட்டு. மூணு தடவை."

"நில்லு நாயிஃபா."

கோபமாகச் சொல்லவில்லை. வாசல் நிலைக்கு வெளியே நின்றேன். இருபத்து மூன்று வருடத்தில் அந்த வீட்டு நிலைப்படிக்கு வெளியே நான் நின்றது அதுதான் முதல் தடவை. என் வீட்டுக்குப் போய் நன்றாக அழுதேன். என் வீட்டில் தலையணையோடு உட்கார்ந்திருந்த அண்ணன், "நாத்தம் இங்க வரைக்கும் வந்து உன் கண்ணைக் கரிக்குதா?" என்று கேட்டார்.

செப்டம்பரில் மைஸா வந்தாள். உயரமான பெண், சிரித்த முகம், கையில் ஒரு பெட்டி இனிப்பு. இன்ஸாஃப் அவளை உட்கார வைத்தாள். மேசை மேல் ஒரு சின்ன உறை. அதில் தொண்ணூற்று இரண்டு விதை. என்னை அறைக்குள் விட்டிருந்தாள், மேசையிலிருந்து நாலடி தள்ளி.

உறையைக் கொடுத்து, காப்பி கொடுத்து அனுப்பியிருக்கலாம். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். அவள் ஒன்று விடாமல் சொன்னாள். நோய், கறுப்புக் கைகள், எரித்தது, ஊறல் போட்டது, வெள்ளையடித்தது. "இது நல்லா இருக்கலாம். இல்லாமலும் போகலாம்மா. உன் நிலத்துல இப்பவே போட்டா, நோய் இருந்தா உன் மண்ணுக்கும் வந்துரும். முதல்ல நான் இங்க தொட்டியில போட்டுப் பாக்கறேன். நல்லா வந்தா நாத்தாவே தர்றேன். வரலைன்னா..." அதை முடிக்காமல் உறையைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள். "இன்னொண்ணும் சொல்லணும். இந்த விதையை நான் யார்கிட்டயும் கேட்டு வாங்கல. உங்க அப்பா மூணாம் நாள் சாப்பாட்டுல, கைக்குட்டையில துப்பி..."

"தெரியும்" என்றாள் மைஸா.

"என்ன தெரியும்?"

"நான்தான் அன்னிக்குத் தட்டு எடுத்துட்டு வந்தேன். பதினாறு வயசு எனக்கு. அம்மா கதவு ஓரத்துல உக்காந்து உங்களையே பாத்துட்டு இருந்தாங்க. அவ்வளவு அழுகையிலயும் அம்மா என்னைக் கூப்பிட்டு, 'அழறவ எவளும் மெல்ல மாட்டா. அந்தப் பொண்ணுக்கு இன்னொரு தட்டு வை. ஒரு தட்டுல எத்தன விதை தேறும்?'னு சொன்னாங்க."

இன்ஸாஃப் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. இந்தத் தடவை அவள் எதையும் துப்பவில்லை.

"அம்மா இப்ப இல்லை" என்றாள் மைஸா. "ஆனா வசந்தம் வரைக்கும் என்னால காத்திருக்க முடியும் அத்தை."

மார்ச் முதல் வாரத்தில் இன்ஸாஃப் புது மண் வாங்கி, தொட்டிகளைக் கொதிநீரில் கழுவி, பாதி விதையைப் போட்டாள். மீதியை உறையிலேயே வைத்துக்கொண்டாள். "கஞ்சத்தனம் வந்துருச்சு எனக்கு, பாத்தியா?" என்று என்னிடம் சொன்னாள். வாழ்க்கையில் அவள் செய்த முதல் புத்திசாலித்தனம் என்றேன். தொட்டிகள் மாடியில் இருந்தன. புகையிலை நாற்று இருக்கும் பக்கமே இல்லை. மாடிப்படியில் பாஷாவைக் கட்டினாள். நஜீப் அண்ணன் சிகரெட் பிடித்தால் தெருவில்தான். உள்ளே வரும்போது கை கழுவி, சட்டை மாற்றிக்கொண்டுதான் வர வேண்டும். ஒரு நாள் அவர் மாடிப்படியில் கால் வைத்தார். மூன்றாவது தடவையாகக் கடிபட்டார்.

முளைத்தது. முதல் இலை. இரண்டாவது இலை. அந்த நாட்களில் நான் கீழே முற்றத்தில் நின்று அண்ணாந்து கத்துவேன்.

"இன்னிக்கு எப்படி?"

"பச்சை!"

"திட்டு?"

"இல்லைடி, கண்ணு வைக்காத!"

கண்ணு என்று சொன்னதும் பக்கத்து வீட்டிலிருந்து உம்மு கஸ்ஸான் இருமுவாள்.

ஏப்ரல் நடுவில் லமீஸ் வந்தாள். மைஸாவும் ராஸ் லோஸிலிருந்து இறங்கிவந்தாள். மொத்தம் நாற்பத்தொரு நாற்று. லமீஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இரண்டை மட்டும் தனியே எடுத்துப் பையில் போட்டுக் கட்டினாள். நான் கீழே முற்றத்தில் அண்ணாந்து நின்றேன். பிறகு மாடிச் சுவருக்கு மேல் அவள் தலை தெரிந்தது.

"முப்பத்தொன்பது சுத்தம்!"

மைஸா கூச்சலிட்டாள். பாஷா ஏன் என்று தெரியாமலே குரைத்தான். தெருவிலிருந்து அண்ணன் ஓடிவந்து, சட்டை மாற்றவில்லை என்று நினைவு வந்து, வாசலிலேயே நின்றார்.

இருபது நாற்று ராஸ் லோஸுக்கு என்று முடிவாயிற்று. அன்றே நட வேண்டும். வேனில் எல்லோரும் ஏறினோம். நானும் ஏறினேன், பின்சீட்டில், கையை மடியில் கட்டிக்கொண்டு. அபூ ரஜாவின் நிலத்தில் குழி தயாராக இருந்தது. இன்ஸாஃப் ஒரு கிண்ணத்தில் பால் ஊற்றிவைத்தாள். பாலில் நனைத்த கைக்கு அந்தக் கிருமி அஞ்சும் என்று லமீஸ் சொல்லியிருந்தாள். மைஸா நனைத்தாள், லமீஸ் நனைத்தாள். நான் வரப்பில் தள்ளி உட்கார்ந்து, வானத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்ஸாஃப் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். நாலடி தூரத்தைத் தாண்டி வந்து, என் முழங்காலருகே குந்தி உட்கார்ந்து, என் இரண்டு கையையும் பிடித்துப் பாலுக்குள் வைத்தாள். விரல் இடுக்கெல்லாம் தேய்த்தாள், சின்னக் குழந்தைக்குத் தேய்ப்பதுபோல. நகக்கண்ணில் போன வருடத்துக் கறுப்பு இன்னும் கொஞ்சம் இருந்தது. அதையும் தேய்த்தாள்.

"முதல் நாத்தை நீ வை" என்றாள்.

"நானா? அண்ணி, நான்தான்..."

"அன்னிக்கு யாரோ கேட்டப்ப தூரத்து உறவுன்னு எனக்காகப் பொய் சொன்னவ நீதானே. எந்திரி. மண்ணு காயுது."

எழுந்து போனேன். நாற்றைக் குழியில் வைத்து, பால் சொட்டும் கையாலேயே மண்ணைத் தள்ளி அமுக்கினேன்.